ஒன்பது பார் அழுத்தம், இரண்டு கைகள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபங்களில் ‘எஸ்பிரெஸோ காபி’ என்ற பெயரில் கிடைத்தது வேறொரு பானம். வாசலோரம் பளபளவென்று ஓர் எவர்சில்வர் இயந்திரம் நிற்கும். இன்ஸ்டன்ட் காபித்தூளும் சர்க்கரையும் பாலும் கலந்த குவளைக்குள் ஆவிக்குழாயை விட்டு, சர்ரென்று நுரை கிளப்பி, மேலே கொஞ்சம் கோகோ தூவிக் கொடுப்பார்கள். சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இத்தாலிக்காரர் எஸ்பிரெஸோ என்று கேட்டு வாங்குவதற்கும் அதற்கும் ஆவி ஒன்றைத் தவிரப் பொதுவாக எதுவும் கிடையாது. சொல்லப்போனால், ஆவியைக் கைவிட்ட பிறகுதான் இத்தாலியிலேயே இன்றைய எஸ்பிரெஸோ பிறந்தது.

இப்போது நம் நகரங்களில் அசல் எஸ்பிரெஸோ தரும் கடைகள் பெருகிவிட்டன. அதை வீட்டிலும் குடிக்கலாமே என்று ஆசைப்பட்டு விசாரிப்பவருக்குக் கடைக்காரர் சொல்லும் விலைதான் தூக்கிவாரிப் போடுகிறது. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று விலை ஏறிக்கொண்டே போகிறது. இந்தப் பணம் எதற்காக? அதில் எந்தப் பகுதியை வீட்டுக்காரர் மிச்சப்படுத்தலாம், எதில் கை வைக்கக் கூடாது? விலை குறைந்த வழிகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விடைதான் தென்படுகிறது: அழுத்தம் மலிவாகக் கிடைக்கும், சீரான அரைப்பு கிடைக்காது. பெரும்பாலானோர் பணத்தை இதற்கு நேர்மாறாகச் செலவழிக்கிறார்கள்.

எஸ்பிரெஸோ கேட்பவை

இத்தாலிய எஸ்பிரெஸோவுக்கான தேசிய நிறுவனம் 1998-இல் தொடங்கப்பட்டது. அது வகுத்த அளவுகள் பிரபலமானவை: 7 கிராம் பொடி, 88 டிகிரி வெப்பத்தில் தண்ணீர், 9 பார் அழுத்தம், 25 விநாடி, கோப்பையில் 25 மில்லி. ஒவ்வொன்றிலும் சிறிது கூடலாம், குறையலாம். இன்றைய கடைகள் பெரும்பாலும் 18 கிராம் பொடியில் 36 கிராம் காபி இறக்குகின்றன. வெப்பமும் 90-ஐத் தாண்டுகிறது. எண்கள் மாறினாலும் கணக்கு ஒன்றுதான். மிக நைசான பொடியைக் கெட்டியாக அமுக்கி வைத்து, அதற்குள் சுடுநீரை அரை நிமிடத்துக்குள் பலவந்தமாகச் செலுத்த வேண்டும்.

பலவந்தம் என்று சொல்லக் காரணம் உண்டு. நம் வீட்டு டிகாக்‌ஷன் ஃபில்டரில் பொடிக்கு மேல் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தரும் அழுத்தம் ஒரு பாரில் நூறில் ஒரு பங்கு. ஒன்பது பார் வேண்டுமென்றால் தண்ணீர் ஏறக்குறைய 90 மீட்டர் உயரத்துக்கு நிற்க வேண்டும். எஸ்பிரெஸோ பொடியை ஃபில்டரில் போட்டால் அது ஒரேயடியாக அடைத்துக்கொள்வதும், ஃபில்டர் பொடியை எஸ்பிரெஸோ இயந்திரத்தில் போட்டால் தண்ணீர் தடையில்லாமல் ஓடிவிடுவதும் இதனால்தான். அழுத்தமும் அரைப்பும் எதிரெதிரே நின்று சமன் செய்துகொள்பவை. பொடி தடுக்க வேண்டும். தண்ணீர் அந்தத் தடையை மீற வேண்டும். அந்த இழுபறியில்தான் காபியின் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து பானத்தில் கலக்கிறது. கரைந்திருந்த கரியமில வாயு கோப்பையில் விடுபட்டு, ‘கிரெமா’ எனப்படும் பழுப்பு நுரையாக மேலே படிகிறது.

ஆவியிலிருந்து பிரிந்த கதை

இதற்கான முதல் முயற்சிகள் எல்லாம் ஆவியை நம்பியவை. டூரின் நகரத்து ஏஞ்சலோ மொரியோண்டோ 1884-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஒரே தடவையில் பலருக்குக் காபி இறக்குவது. மிலான்காரர் லூயிஜி பெட்சேரா 1901-இல் ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியாக இறக்கும் வடிவத்துக்கு வந்தார். அந்த உரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி அதை உற்பத்தி செய்து, 1906 மிலான் கண்காட்சியில் ஊரறியச் செய்தார். வேகமாகக் கிடைத்தது, ஆனால் கசந்தது.

ஏன் கசந்தது என்பதை நம் பிரஷர் குக்கரே சொல்லும். மூடிய பாத்திரத்தில் ஆவியின் அழுத்தமும் வெப்பமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தம் இருக்கும். வெப்பம் 120 டிகிரி. ஒன்றரை பார் என்றால் 127 டிகிரி. ஆவியை மட்டும் வைத்து 9 பார் எட்ட வேண்டுமென்றால் 180 டிகிரிக்குப் போக வேண்டும். அந்தச் சூட்டில் காபியில் மிஞ்சுவது கரிந்த வாடை மட்டுமே. ஆகவே ஆவி இயந்திரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எவ்வளவு அலங்காரமாக இருந்தாலும், ஒன்றிரண்டு பாருக்கு மேல் பிரயோஜனமில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் மிலானில் காபிக் கடை வைத்திருந்த அக்கிலே காஜியா. 1938-இல் முதல் காப்புரிமை. போருக்குப் பின் 1947-இல் சுருள்வில்லும் பிஸ்டனும் கொண்ட நெம்புகோல் முறைக்கு இன்னொன்று. 1948-இல் இயந்திரம் சந்தைக்கு வந்தது. கொதிகலன் தண்ணீரைச் சூடாக்க மட்டும். அழுத்துவது வில்லின் வேலை. வெப்பம் ஒருபுறம், அழுத்தம் மறுபுறம் என்று இரண்டும் முதல்முறையாகத் தனித்தனியாயின. காபி மேல் அதுவரை யாரும் பார்த்திராத நுரை படிந்தது. ‘ஆவியில்லாமல் இயங்குவது’ என்பதையே பெருமையாகச் சொல்லி அந்த இயந்திரம் விற்கப்பட்டது. 1961-இல் ஃபேமா நிறுவனத்தின் இ61 வந்தபோது, கையால் நெம்புகோல் இழுக்கும் வேலையை மின்பம்பு ஏற்றுக்கொண்டது.

வீட்டு எஸ்பிரெஸோவுக்கான பாடம் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. முதல் நல்ல எஸ்பிரெஸோவுக்கு மின்பம்பு தேவைப்படவில்லை. ஒரு பிஸ்டனும் அதை அழுத்த ஒரு வழியும் போதுமானதாக இருந்தன. பிறகு வந்த பம்பும் கூடுதல் கொதிகலன்களும் வெப்பக் கட்டுப்பாடும் கடைக்காரரின் சிரமத்தைக் குறைக்க வந்தவை. ஒரு மணி நேரத்தில் நூறு கோப்பை இறக்க வேண்டும்; முதல் கோப்பையும் நூறாவதும் ஒரே சுவையில் இருக்க வேண்டும்; காபி இறங்கும்போதே பாலுக்கு ஆவியும் வேண்டும். அந்த விலை இதற்குத்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குடிக்கும் வீட்டில் இந்தத் திறனில் பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

கடையில் கிடைக்கும் மலிவு வழிகள்

முதலில் கண்ணில் படுபவை சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஆவி வகை மின் இயந்திரங்கள். மேலே திருகு மூடி, உள்ளே சிறு கொதிகலன், பக்கத்தில் பால் நுரைக்க ஒரு குழாய். பெட்டியில் மூன்றரை பார், ஐந்து பார் என்று அச்சிட்டிருக்கும். வேலை செய்யும் முறையில் இவை 1901-ஆம் ஆண்டு இயந்திரத்தின் பேரப்பிள்ளைகள். ஆவியின் குறை அப்படியே இவற்றுக்கும் வந்து சேர்கிறது. பால் காபிக்கு உதவும். எஸ்பிரெஸோ என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

அடுத்தது பம்பு வைத்த மலிவு இயந்திரம். இதன் பெட்டியில் 15 பார், 20 பார் என்றிருக்கும். அது தண்ணீர் ஓடாமல் அடைத்து நிற்கும்போது பம்பு எட்டக்கூடிய உச்சம். பொடிக்குத் தேவையானது 9 பார்தான் என்பதால் மேலே உள்ள எண்ணால் காபிக்கு லாபமில்லை. இவற்றுடன் வரும் வடிகட்டிக் கூடை பெரும்பாலும் இரட்டைச் சுவர் கொண்டது. அடித்தட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரே துளை. தண்ணீரைத் தடுப்பது பொடியல்ல, அந்தத் துளை. ஆகவே கடையில் வாங்கிய எந்தப் பொடியைப் போட்டாலும் துளை வழியே பீய்ச்சியடித்து நுரை வந்துவிடும். பார்வைக்குக் கிரெமா, வாயில் வைத்தால் சோப்பு நுரை போல மறைந்துவிடும். ஆனால் இந்த வகை இயந்திரங்கள் பலவற்றுக்குச் சாதாரண ஒற்றைச் சுவர்க் கூடை தனியாகக் கிடைக்கிறது. அதை மாட்டி, நல்ல அரைப்பும் சேர்ந்தால், இதே இயந்திரம் கௌரவமான எஸ்பிரெஸோ தரும்.

கேப்ஸ்யூல் முறையை நெஸ்லே நிறுவனத்தின் எரிக் ஃபாவ்ர் 1970-களில் உருவாக்கினார். 1986-இல் நெஸ்பிரெஸோ விற்பனைக்கு வந்தது. அரைப்பு, அளவு, அழுத்தம் மூன்றையும் தொழிற்சாலையே முடிவு செய்துவிடுவதால் தவறு நேர வாய்ப்பு குறைவு. இயந்திரம் மலிவு, காபி விலை அதிகம்: ஒரு கேப்ஸ்யூலில் ஐந்து ஆறு கிராம் பொடிதான், அதற்குக் கொடுக்கும் பணத்தில் அதைப் போலப் பல மடங்கு நல்ல காபிக்கொட்டை வாங்கலாம். குப்பையாகும் அலுமினியம் தனிக் கணக்கு.

மோகா: இத்தாலி வீட்டின் விடை

எஸ்பிரெஸோவின் தாய்நாட்டில் வீட்டுக்கு வீடு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது இந்த விவாதத்தில் பலரும் விட்டுவிடும் ஒன்று. இத்தாலியர் எஸ்பிரெஸோவைப் பெரும்பாலும் தெருமுனைக் கடையில் நின்றபடி இரண்டு மடக்கில் குடித்துவிடுகிறார்கள். வீட்டு அடுப்பில் நெடுங்காலமாக உட்கார்ந்திருப்பது மோகா. வடமேற்கு இத்தாலியில் ஓமேஞா அருகே அலுமினியப் பட்டறை நடத்திய அல்ஃபோன்சோ பியாலெத்தியின் பெயரோடு 1933-இல் வந்தது இந்த எட்டுப்பட்டைப் பானை. போருக்குப் பின் அதை நாடெங்கும் கொண்டுசேர்த்தவர் அவர் மகன் ரெனாத்தோ. 2016-இல் அவர் இறந்தபோது அஸ்தியை ஒரு பெரிய மோகா பானையில் வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள்.

கீழறையில் தண்ணீர் சூடாகும்போது அங்கே அடைபட்ட காற்றும் ஆவியும் விரிந்து, தண்ணீரைக் குழாய் வழியே பொடிக்குள் மேலே தள்ளுகின்றன. அழுத்தம் ஒன்றிரண்டு பாருக்குள் அடங்கிவிடும். அதனால் பானம் எஸ்பிரெஸோவின் பாதி அடர்த்தியைக்கூட எட்டாது; கிரெமா நிற்காது. ஆனால் ஃபில்டர் டிகாக்‌ஷனுக்குப் பழகிய நாக்குக்கு மோகா உடனே பிடித்துப்போகும். பாலோடு அருமையாகச் சேரும்.

இதில் சுவையைக் கெடுப்பது பெரும்பாலும் கடைசி அரை நிமிடம். தண்ணீர் தீர்ந்து ஆவி மட்டும் பொடிக்குள் புகும்போது பானை கடகடவென்று கனைக்கும். கசப்பு இறங்குவது அப்போதுதான். முன்கூட்டியே சூடாக்கிய தண்ணீரை வால்வுக்குக் கீழ்வரை ஊற்றி, பொடியைக் கூடை நிறையப் போட்டு, அமுக்காமல் சமன் செய்து, சிறு தீயில் வைக்க வேண்டும். கனைப்பு தொடங்கும் முன் இறக்கி, அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஓட்டம் நின்றுவிடும். மூன்று கப் பானையில் பாதி பொடி போட்டு ஒரு கப் எடுக்கலாம் என்று நினைக்கக் கூடாது. குடிப்பவர் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் வாங்க வேண்டும். நம் கேஸ் அடுப்பின் தாங்கி பெரிய பாத்திரங்களுக்கானது. சின்ன மோகா அதில் நிற்காமல் சாயும், மேலே ஒரு சிறு கம்பித் தட்டு வைத்தால் நிற்கும். அலுமினியப் பானை இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. அதற்கு எவர்சில்வர் மோகா உண்டு. பாதுகாப்பு வால்வில் உப்புப் படிந்து அடைத்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது அவசியம்.

கையால் அழுத்துபவை

2005-இல் அமெரிக்காவின் ஆலன் ஆட்லர் கொண்டுவந்த ஏரோபிரஸ் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஊசிக்குழல். நல்ல காபி தரும்; பயணத்துக்கு ஏற்றது; உடையாது. ஆனால் அதில் எஸ்பிரெஸோ வருமா என்றால் கணக்கே பதில் சொல்லிவிடும். குழலின் உள்விட்டம் சுமார் 6 சென்டிமீட்டர். பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். ஒன்பது பார் வர அதன் மேல் ஏறத்தாழ 250 கிலோ எடை வைக்க வேண்டும். ஒருவர் உடலைச் சாய்த்து 30 கிலோ கொடுத்தால் கிடைப்பது ஒரு பார். அழுத்தம் சேர்ந்த பிறகு திறக்கும் வால்வு மூடிகள் வந்திருக்கின்றன. அவற்றால் கொஞ்சம் நுரை கூடும், பானம் கெட்டியாகும். அதற்கு மேல் இல்லை.

250 கிலோ எடை இல்லாமல் ஒன்பது பாரை எட்ட இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பரப்பைக் குறைப்பது. உள்ளங்கையில் அடங்கும் கைப்பம்பு வகைகள் இதைத்தான் செய்கின்றன. சிறு பிஸ்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளே போய் அழுத்தம் ஏறும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டன் என்றால் 9 பாருக்கு ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல் தள்ளினால் போதும். அளவு சின்னது, எட்டு கிராம் சுமாருக்குத்தான் பல மாதிரிகளில் இடம் இருக்கும். பம்பு அடிக்கையில் தண்ணீரின் சூடும் இறங்கிவிடும். இருந்தாலும் ரயிலிலும் மலையேற்றத்திலும் அசல் அழுத்தத்தில் காபி இறக்க இதைவிடச் சின்ன வழி இல்லை.

இரண்டாவது, நெம்புகோல். எட்டுக்கு ஒன்று என்ற அளவில் எந்திர லாபம் கிடைத்தால் 250 கிலோ என்பது 30 கிலோவாகச் சுருங்கிவிடும். மேசை மேல் வைத்து ஒரு கையாலோ இரு கைகளாலோ கீழிறக்கும் ஃப்ளேர், கேஃப்லாட் ரோபாட் போன்றவை இந்த இனம். இவற்றில் கொதிகலன் இல்லை, பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றி, நெம்புகோலை அழுத்த வேண்டியதுதான். காஜியாவின் வில் செய்ததை நம் தோள் செய்கிறது.

இந்த வகைக்கு நம் ஊரில் கூடுதலாக ஒரு நன்மை உண்டு. சென்னை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிய எந்தக் கொதிகலனிலும் சில மாதங்களில் உப்புப் படிந்துவிடும். இயந்திரங்களைப் பழுதாக்கும் முக்கியக் காரணங்களில் அது ஒன்று. நெம்புகோல் சாதனத்தில் படிய இடமே இல்லை. கெடக்கூடியது ரப்பர் வளையம் ஒன்றுதான், மாற்றிக்கொள்ளலாம். பலவீனம் வெப்பத்தில் இருக்கிறது. குளிர்ந்த உலோக உருளையில் ஊற்றிய தண்ணீர் சட்டென்று பத்து டிகிரி இழந்துவிடும், காபி புளிக்கும். உருளையைக் கெட்டில் வாயில் கவிழ்த்து ஆவியில் சூடேற்றினால் தீர்ந்தது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால் அங்கே இந்தச் சூடேற்றலை இரண்டு முறை செய்தாலும் தகும்.

ஒன்பது பார் என்ற எண்ணும் வேதவாக்கு அல்ல. வில் நெம்புகோல் இயந்திரங்களில் வில் விரிய விரிய அழுத்தம் தானாகக் குறைந்துகொண்டே வரும். அந்தக் காபியை யாரும் குறை சொன்னதில்லை. ஆறு பாரில் இறக்கி ரசிப்பவர்கள் நிறைய. கை சற்று நடுங்கினால் கோப்பை பாழாகிவிடாது.

அரைப்பில்தான் பணம்

இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். இயந்திரத்துக்கு முப்பதாயிரம் செலவழித்துவிட்டு, மிக்ஸியில் அரைத்த பொடியைப் போடுவார்கள். மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. ஒரே கைப்பிடிப் பொடியில் மாவும் இருக்கும், குருணையும் இருக்கும். தண்ணீர் குருணையின் இடுக்கு வழியே பாய்ந்துவிடும், மாவு அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் சாரமெல்லாம் பிழிந்து கசப்பு, மறுபக்கம் சாரம் இறங்காமல் புளிப்பு. இரண்டும் ஒரே கோப்பையில்.

எஸ்பிரெஸோ பொடியின் துகள் ஏறக்குறைய 200 முதல் 400 மைக்ரான். ‘பர்’ எனப்படும் அரவைப் பற்களுக்கு இடையே நசுங்கி வரும் பொடிதான் இந்த அளவில் ஓரளவு சீராக இருக்கும். அந்தப் பற்களின் இடைவெளியை எவ்வளவு நுணுக்கமாக நகர்த்த முடிகிறது என்பதுதான் கிரைண்டரின் தகுதி. ஒரு சொடுக்குக்கு 30 மைக்ரான் நகரும் கைக் கிரைண்டர் டிரிப் காபிக்குத் தாராளம். எஸ்பிரெஸோவில் அந்த ஒரு சொடுக்கே காபியை ஓடவும் விடும், அடைக்கவும் செய்யும். பத்து மைக்ரானை ஒட்டி நகரும் கைக் கிரைண்டர்கள் இப்போது நடுத்தர விலையில் வந்துவிட்டன. இதே அரைப்புத் தரத்தை மின் கிரைண்டரில் வாங்க இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். மோட்டாருக்குப் பதில் நம் கை ஒரு நிமிடம் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

நைசாக அரைத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழக வேதியியலாளர் கிறிஸ்டஃபர் ஹெண்டனும் சகாக்களும் 2020-இல் ‘மேட்டர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, நைசு ஓர் அளவைத் தாண்டும்போது பொடி ஆங்காங்கே அடைத்துக்கொண்டு சாரம் கூடுவதற்குப் பதில் குறைகிறது என்று காட்டியது. சற்றுப் பருவெட்டாக அரைத்து, பொடியையும் குறைத்தால் கோப்பைக்குக் கோப்பை சுவை சீராக வருகிறது, கொட்டையும் மிச்சம் என்பது அவர்கள் முடிவு. அதே குழுவினரின் 2023 ஆய்வு, அரைக்கும் முன் கொட்டையில் சில துளி தண்ணீர் தெளித்தால் நிலைமின்னேற்றம் குறைந்து பொடி கட்டியாக ஒட்டிக்கொள்வதும் குறைகிறது என்று விளக்கியது. இரண்டுமே காசில்லாத வைத்தியங்கள். பொடியைக் கூடையில் போட்டபின் மெல்லிய ஊசியால் கிளறிக் கட்டிகளை உடைக்கும் உத்தி ஜான் வைஸ் என்பவர் பெயரால் வழங்குகிறது. அதற்கு விற்கும் கருவியை விட்டுவிட்டு, ஒரு கார்க்கில் நாலைந்து ஊசி குத்தி வைத்துக்கொண்டாலே போதும்.

எந்தக் கொட்டை

நம் காபிப்பொடிக் கடைகளில் பீபரி, பிளான்டேஷன் ஏ, ரொபஸ்டா என்று கேட்டு, சிக்கரி இத்தனை பங்கு என்று சொல்லி வாங்குவது வழக்கம். எஸ்பிரெஸோவுக்குச் சிக்கரி ஆகாது. வறுத்த காபியில் தண்ணீரில் கரையக்கூடிய பகுதி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சிக்கரியில் பாதிக்கும் மேல். அழுத்தத்தில் அது பிசுபிசுத்து வடிகட்டியை அடைத்துவிடும். சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் இந்தியச் சட்டம். மீதி முழுவதும் சிக்கரியாகவே இருக்கலாம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்து வாங்குவது நல்லது.

ரொபஸ்டாவை இளக்காரமாகப் பார்ப்பதும் வேண்டாம். கிரெமாவைத் தடிப்பாக்குவது அதுதான். இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பங்கு ரொபஸ்டா; இந்தியக் காபியைப் பல ஆண்டுகளாக அதிகம் வாங்கும் நாடு இத்தாலி. அங்கே கடைகளில் இறங்கும் எஸ்பிரெஸோ கலவைகளில் நம் மலைகளின் ரொபஸ்டா ஏற்கெனவே இருக்கிறது. அராபிகாவில் ஐந்தில் ஒரு பங்கு தரமான ரொபஸ்டா கலந்தால், தொடக்கக்காரருக்குக் காபி எளிதில் வசப்படும்.

வறுத்த அன்றே இறக்கினால் வாயு அதிகமாகி நுரை பொங்கும், ஓட்டம் சீர்கெடும். ஒரு வாரம் ஆறவிட்டு, ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது உத்தமம். லேசாக வறுத்த கொட்டை இளகிக் கொடுக்க அதிக வெப்பம் வேண்டும். கைச் சாதனத்தில் நடுத்தர வறுப்பே நிம்மதி. செலவில் ஒன்றை மறக்கக் கூடாது. 250 கிராம் கொட்டை 500 ரூபாய் என்றால் 18 கிராமுக்கு 36 ரூபாய். பொட்டலத்துக்குப் பதின்மூன்று ஷாட் (ஒரு முறை இறக்கும் காபி) வரும். புதுப் பொட்டலத்துக்கு அரைப்பை ஒத்துவைக்கும்போது முதல் சில ஷாட் சிங்க்கில் போகும். அதையும் சேர்த்துத்தான் கடைக் காபியோடு ஒப்பிட வேண்டும்.

ஒரு கோப்பை இறங்கும்போது

நெம்புகோலில் ஒரு ஷாட் எப்படி இறங்குகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் மேலே சொன்னது எல்லாம் பிடிபடும். கெட்டில் கொதிக்கிறது; அதன் வாயில் உருளை கவிழ்ந்து சூடேறுகிறது. 16 கிராம் கொட்டையில் ஒரு துளி தண்ணீர் தெளித்து, அரைத்து, கூடையில் ஊசியால் கிளறி, டேம்பர் என்ற அமுக்கியால் நேராக அமுக்குகிறோம். மேலே ஒரு சல்லடைத் தகடு. கொதித்த தண்ணீர் உருளையை நிறைக்கிறது. நெம்புகோலை மெதுவாக இறக்கி, இரண்டு பாருக்குள் நிறுத்துகிறோம். பொடி நனைந்து உப்பட்டும். எட்டுப் பத்து விநாடியில் கூடையின் அடியில் கறுப்பு முத்துகள் அரும்பும். இப்போது அழுத்தத்தை எட்டுக்கு ஏற்றலாம். முத்துகள் ஒன்றுசேர்ந்து நடுவில் ஒரே இழையாகத் தொங்கும். இத்தாலியர் இதை எலிவால் என்பார்கள். நிறம் அடர்பழுப்பிலிருந்து வெளிறத் தொடங்கும்போது, தராசு 32 கிராமைத் தொடும்போது, கையை எடுத்துவிடலாம்.

இதில் பம்பு இயந்திரம் தராத ஒன்று கைக்குக் கிடைக்கிறது. நெம்புகோல் வெண்ணெய்போல இறங்கினால் அரைப்பு பருவெட்டு; பாறைபோல நின்றால் மிகவும் நைசு; பாதியில் சட்டென்று தளர்ந்தால் பொடிப் படுகையில் எங்கோ விரிசல். இழை நடுவில் இல்லாமல் ஓரத்தில் பீய்ச்சினால் பொடி சமமாகப் பரவவில்லை. தவறு எங்கே என்று கோப்பையைக் குடிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. புளித்தால் அடுத்த முறை ஒரு சொடுக்கு நைசாக, கசந்தால் ஒரு சொடுக்கு பருவெட்டாக. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

பாலுக்கு ஆவிக்குழாய் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பாலை 60, 65 டிகிரிக்குச் சூடாக்கி, ஃபிரெஞ்சு பிரஸில் ஊற்றி வலையை மேலும் கீழும் வேகமாக ஓட்டினால் கப்புசினோவுக்குத் தேவையான மெல்லிய நுரை வந்துவிடும். கையில் பிடிக்கும் பேட்டரி மத்தும் உதவும். பாலைக் கொதிக்கவிட்டால் மட்டும் நுரை நிற்காது.

யாருக்கு எது

பாலும் சர்க்கரையும் சேர்த்தே குடிப்பவருக்கு எஸ்பிரெஸோ தேவையே இல்லை. மோகாவும் நல்ல பொடியும் போதும். கலந்த பின் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். அரைக்கும் வேலையே வேண்டாம், கடைப் பொடிதான் என்பவருக்கு இரட்டைச் சுவர்க் கூடை வைத்த பம்பு இயந்திரம். பால் கலக்காமல், சின்னக் கோப்பையில், அடர்த்தியும் கிரெமாவும் நாவில் தங்கும் சுவையுமாகக் குடிக்க விரும்புகிறவருக்கு நல்ல கைக் கிரைண்டரும் நெம்புகோலும். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் கிரைண்டருக்குப் போகட்டும். பின்னாளில் பெரிய இயந்திரம் வாங்கினாலும் அந்தக் கிரைண்டர் கூடவே வரும். மலிவு கிரைண்டரோடு வாங்கிய பெரிய இயந்திரம் மலிவுக் காபியைத்தான் தரும்.

இந்த வழிக்கும் விலை உண்டு, அது நேரம். ஒரு கோப்பைக்குச் சூடேற்றல், அரைப்பு, கழுவல் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும். நாலு பேர் விருந்துக்கு வந்தால் கடைசி ஆளுக்குக் கொடுக்கும்போது முதல் ஆள் எழுந்து போயிருப்பார். தினமும் ஆறேழு கோப்பை இறங்கும் வீட்டில், எல்லாரும் அவசரமாகக் கிளம்பும் காலையில், விலை உயர்ந்த இயந்திரம் வீண் ஆடம்பரம் ஆகாது. அங்கே அது கேட்கும் பணம் வேகத்துக்கான நியாயமான கூலி. ஒருவர், இருவர் குடிக்கும் வீட்டுக்கு அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.